செருப்பு எப்படி இளைக்கும்?

ஜூலை 3, வெள்ளி

அன்புத் தங்கைக்கு என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். இரண்டாம் வகுப்பு டீச்சர் அம்மாவுக்கு,

நேற்றிலிருந்து போன் மேல் போன் போடுகிறாய். எடுக்க மாட்டேன். எடுத்தால் என் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. காகிதம் என்றால் பாதியையாவது அடித்துவிடலாம். இதை உன் மாமாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். "ரெண்டு தெரு தள்ளி இருக்கற வீட்டுக்கு நான் தபால்காரனா?" என்று முனகுகிறார். கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வர வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறேன்.

கூட்டத்துக்கு என்னை அழைத்தது நீ. "எங்க பசங்க ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, நீ கண்டிப்பா வரணும் அக்கா" என்றாய். நானும் பைத்தியக்காரி மாதிரி மாவுக் கையைத் தேய்த்துக் கழுவி, இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டு, பிள்ளைகளுக்கென்று ஒரு தட்டு நிறையப் பன்னும் எடுத்துக்கொண்டு வந்தேன். உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க என் கடை! "நாங்கள் கண்டுபிடித்தது: ரொட்டிக் கடைப் பன் எடை குறைவு. கடைப் பலகையில் நூறு கிராம் என்று எழுதியிருக்கிறது. ஆனால் நூறு இல்லை." அதற்குக் கீழே ஒரு பன் உட்கார்ந்து அழுகிற மாதிரி படம் வேறு. பெற்றோர் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், பிறகு என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார்கள். பூமி பிளந்து விழுங்காதா என்று இருந்தது.

ஆஸ்பத்திரி கேன்டீன்காரர் இருக்கிறாரே, உன் வகுப்பில் அவர் பையன் படிக்கிறானே, அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். காலையில் அங்கே இருக்கும் நோயாளிகளுக்கெல்லாம் போவது என் கடைப் பன்தான். வாசித்து முடித்துவிட்டு, "அடுத்த சனிக்கிழமைக்குள்ள யோசிச்சுச் சொல்றேங்க" என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? திருடியிடம் வாங்கலாமா என்றுதானே?

கடன் வாங்கிக் கடை போட்டபோது என் கூட நின்றவள் நீ. பலகையில் அந்த நூறு கிராமை எழுதியதே நீதான், உன் கையெழுத்து அழகு என்று. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, "அக்கா, இப்படி வருதே, என்னன்னு பாரு" என்று முதலில் என்னிடம் வந்து கேட்டிருக்கக் கூடாதா? ஊரைக் கூட்டித்தான் சொல்ல வேண்டுமா?

அந்தச் சார்ட்டைக் கிழித்துப் போட்டேன் என்று எழுது. அப்புறம் பேசலாம்.

அக்கா
(இன்னும் அக்காதான். நாளைக்கு எப்படியோ தெரியாது.)


ஜூலை 4, சனி

அன்புள்ள அக்கா,

மாமா வாசலிலேயே நின்றார். உள்ளே வாங்க என்றால் வாயைப் பொத்திக் காட்டுகிறார். டீ மட்டும் வாங்கிக் குடித்தார். டீக்கு உத்தரவில் தடை இல்லை போலும்.

நான் உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். வந்தேன் அக்கா. இரண்டு முறை கடை வாசல் வரை வந்தேன். ஒரு முறை கூட்டம் நெரிந்தது. இன்னொரு முறை நீ யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாய், அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை. கூட்டத்தில் பார்த்தால் நீயே சிரித்து, "அப்படியா, பார்க்கறேன்" என்று சொல்லிவிடுவாய் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆனால் இது பிள்ளைகள் வேலை அக்கா, என் வேலை இல்லை. அதை உனக்குப் புரியவைக்க முயற்சி செய்கிறேன், பொறுமையாகப் படி. இந்த வருஷம் நான் சொல்லிக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். பிள்ளைகள்தான் ஒரு கேள்வியைப் பிடித்து வர வேண்டும். பதிலை எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்று அவர்களே கூடிப் பேச வேண்டும். போய்ப் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும், அளக்க வேண்டும், கண்டதை எழுத வேண்டும். நான் பக்கத்தில் நின்று "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பேன். ஏழு வயசுக்கு ஆராய்ச்சியா என்று பெரிய டீச்சரே சிரித்தார். "ஆகஸ்டு வரைக்கும் பாருங்க, சரியா வரலைன்னா பழைய மாதிரியே நடத்திடறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

பன் கேள்வியைக் கொண்டுவந்தது குட்டி வக்கீல். அவளைப் பார்த்திருப்பாய், முன்பல் இரண்டும் இல்லாமல் ஊரையே குறுக்கு விசாரணை செய்கிறவள். "முன்னெல்லாம் பன் பெருசா இருந்துச்சாம், எங்க அப்பா சொல்றாரு. நிஜமா டீச்சர்?" என்றாள். முன்பு இருந்த பன்னைப் பார்க்க முடியாது, இன்றைக்கு இருப்பதை நிறுத்துப் பார்க்கலாம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். துணி மாட்டும் ஹேங்கரில் இரண்டு கிண்ணத்தைத் தொங்கவிட்டுத் தராசு செய்தார்கள். தடித்த துணியில் பை தைத்து, மணல் நிரப்பி, மளிகைக் கடைத் தராசில் வைத்துச் சரியாக நூறு கிராம் பார்த்து வாயைத் தைத்தோம். அதுதான் எங்கள் எடைக்கல். முதல் வாரம் கண்ணில் பட்டதை எல்லாம் நிறுத்தார்கள். என் இடது செருப்பு அந்த எடைக்கல்லுக்குச் சரியாக இருந்ததும் வகுப்பே எழுந்து ஆடியது. அதற்கு அடுத்த வாரம்தான் பன். ஒரு நாள் இல்லை, பல நாள் காலை வாங்கிவந்து நிறுத்தோம். ஒவ்வொரு நாளும் பன் இருந்த கிண்ணம் மேலேயே நின்றது. நானும் குனிந்து பார்த்தேன். குறைவுதான் அக்கா.

உன் தராசில் வைத்துப் பார்க்கலாமே என்று நான் கேட்காமல் இல்லை. "கடைக்காரங்க தராசுலயே பார்த்தா எப்படி டீச்சர்?" என்று வக்கீல் கேட்டாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

சார்ட்டைக் கிழிக்க என்னால் முடியாது. கண்டதை மறைக்காதே என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு, என் அக்கா கடை என்பதால் நானே கிழித்தால், நாளைக்கு எந்த முகத்தோடு வகுப்பில் நிற்பேன்? நீ திட்டு. ஆனால் இதை மட்டும் கேட்காதே.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் யோசி. காலையில் முதல் ஈடு முழுக்க பன் போடுகிற மாஸ்டர் கையில்தானே? நீ கல்லாவுக்கு வரும்போது அது அடுக்கியே இருக்கும். அவரைக் கேட்டாயா?

உன் தங்கை


ஜூலை 6, திங்கள்

டீச்சர் அம்மாவுக்கு,

கேட்டேன். திருப்தியா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஞாயிறு முழுக்கப் பன்னை எடுத்து எடுத்து என் தராசில் வைத்தேன். நூறு என்றுதான் காட்டியது. என் தராசில் சரி, உன் தராசில் குறைவு என்றால் என்ன அர்த்தம்? நான் பார்க்கும்போது ஒன்று, பார்க்காதபோது ஒன்று என்றுதானே? இந்த யோசனை எனக்குத் தானாக வரவில்லை. நீ ஏற்றிவிட்டாய். ராத்திரி முழுக்கக் காதுக்குள் கொசு மாதிரி அதுவே சுற்றியது.

இன்று காலை அடுப்பறைக்குள் போனேன். "மாஸ்டர், முதல் ஈட்டுல மாவைக் குறைச்சுப் போடறீங்களா?" என்றேன். கொஞ்சம் பதமாகக் கேட்டிருக்கலாம். எனக்கு எங்கே பதம் வரும்?

அவர் திரும்பிப் பார்த்து, "நீங்களா கேக்கறீங்க?" என்றார். அவ்வளவுதான். விரல்களில் ஒட்டியிருந்த மாவை நிதானமாக உருட்டி எடுத்தார். கையைக் கழுவினார். ஏப்ரனை மடித்து மேசைமேல் வைத்தார். உள்ளே இருந்த ஈடு வேகும் வரை நின்று, அதை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் போனார். திருடுகிறவன் அந்த ஈட்டைக் கருக விட்டிருப்பானே? அவர் தெருமுனை திரும்பின பிறகுதான் இது எனக்கு உறைக்கிறது. புத்தி இருந்தால் முன்னாலேயே உறைத்திருக்கும்.

இந்தக் கடை மாஸ்டர் கை. நான் கல்லாவில் உட்கார்ந்திருக்கிற பொம்மை. அது ஊருக்கே தெரியும், உனக்கும் தெரியும்.

பெயர் போயிற்று, மாஸ்டர் போனார். இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது, உன் பிள்ளைகளை விட்டு நிறுத்துப் பார்க்கச் சொல்.

அக்கா


ஜூலை 7, செவ்வாய்

அக்கா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன். மாமா இந்த முறை டீகூட வேண்டாம் என்று போய்விட்டார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தவள் நான்தான்.

பிள்ளைகளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் தவித்தேன். என் முகத்தைப் பார்த்து அவர்களே கேட்டுவிட்டார்கள். சொன்னேன். ரொட்டிக் கடை மாஸ்டர் வேலையை விட்டுப் போய்விட்டார், அவர் மாவைக் குறைத்தார் என்று சந்தேகப்பட்டதால் போய்விட்டார் என்று. அவரை அவர்களுக்குத் தெரியும். கருகின பிஸ்கட்டை எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுப்பாராமே? எனக்கு இன்றுதான் தெரியும்.

குட்டி வக்கீல் எழுந்து நின்றாள். "டீச்சர், பன் எடை குறைவுன்னுதான் நாம எழுதினோம். ஏன் குறைவுன்னு எழுதலையே? மாஸ்டர்தான் பண்ணாருன்னு யாரு எழுதினா?"

நான்தான் எழுதினேன் அக்கா. சார்ட்டில் இல்லை, உனக்கு எழுதிய கடிதத்தில். உனக்கு எப்படித் தெரியும் என்று தினமும் அவர்களைக் குடைகிறவள், எதுவும் தெரியாமல் ஒரு மனுஷனைக் கைகாட்டிவிட்டேன். ஏழு வயசுக் குழந்தை கேட்கிறாள். "டீச்சர் எழுதினேன், அது தப்பு" என்றேன். "சரி, உட்காருங்க" என்றாள்.

எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி செய்துபார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். நாளைக்குக் காலையில் பன் வாங்க வருவார்கள். தயவுசெய்து கொடு. விரட்டிவிடாதே.

உன் தங்கை


ஜூலை 8, புதன்

டீச்சருக்கு,

உன் படை வந்தது. நான் விரட்டவில்லை. விற்கப் பன் இல்லை, அதனால்தான் வெறுங்கையோடு போனார்கள்.

நேற்று நானே மாவு பிசைந்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்குத் தெரியாதா என்று ஒரு திமிர். வந்தது பன் இல்லை, பாறாங்கல். உன் மாமா ஒன்றை எடுத்துக் கடித்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடி கடித்தார். கடைசியில் கையில் தூக்கிப் பார்த்து, "இதை எடை குறைவுன்னு எவனும் சொல்ல முடியாது" என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு அழுகையும் வந்தது, அதை மாவு மூட்டைப் பக்கம் திரும்பித் துடைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்கு வேறு கடையில் வாங்கின பிரெட்டைத்தான் அனுப்புகிறேன். சனிக்கிழமை கேன்டீன்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் அடுப்பை அணைத்துவிடப் போகிறேன். வியாபாரம் போனால் போகட்டும், வேறு செய்து பிழைக்கலாம். அளவில் கை வைத்தவள் என்ற பேரோடு இதே தெருவில் நடமாட என்னால் முடியாது.

மாஸ்டர் வீட்டுக்கு உன் மாமாவை அனுப்பினேன். கதவைத் திறந்தாராம், உட்காரச் சொன்னாராம், தண்ணீர் கொடுத்தாராம். கடையைப் பற்றி மட்டும் பேசவில்லையாம். நான் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். போய் என்ன சொல்வது? நீங்கள் எடுக்கவில்லை என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

பிள்ளைகளை இனிமேல் இந்தப் பக்கம் அனுப்பாதே. அவர்கள் முகத்தைப் பார்த்தால் கோபப்பட முடியவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அக்கா


ஜூலை 9, வியாழன்

அக்கா! அக்கா! அக்கா!

உட்கார்ந்துகொண்டு படி. கல்லாவைப் பூட்டிவிட்டுப் படி. உன் பன் சரி. மாஸ்டர் ஒரு துளி மாவு எடுக்கவில்லை. உன் தராசும் சரி. எல்லாம் சரி!

முறையாகச் சொல்கிறேன். எனக்கு மூச்சு வாங்குகிறது.

பன் இல்லை என்றாய் அல்லவா, அதனால்தான் தெரிந்தது. நேற்று வெறுங்கையோடு வந்தவர்களுக்கு நிறுக்க ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் அடித்துக்கொள்வார்கள். "முதல் வாரம் நிறுத்ததையே மறுபடி நிறுத்துப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நான் திருத்த வேண்டிய தாள்களை எடுத்துக்கொண்டேன். கேன்டீன்காரர் பையன் நேராக என் செருப்பைத்தான் தூக்கினான், அதில் அவனுக்கு அப்படி ஒரு ஆசை. கொஞ்ச நேரம் கழித்து என் முந்தானையை இழுக்கிறான்.

"டீச்சர், உங்க செருப்பு இளைச்சிருச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். தேய்ந்திருக்கும் என்றேன் நான். "ஒரு மாசத்துல இவ்வளவா? அப்படின்னா ஓட்டை விழுந்திருக்கணுமே?" என்றாள் வக்கீல். செருப்பைப் புரட்டிப் பார்த்தார்கள், ஓட்டை இல்லை. டஸ்டரை நிறுத்தார்கள், அதுவும் இளைத்திருந்தது. காலித் தண்ணீர் பாட்டில் இளைத்திருந்தது. சாக்பீஸ் டப்பா திறக்கவே இல்லை, அதுவும் இளைத்திருந்தது. சிரிப்பு நின்றுபோயிற்று. கேன்டீன்காரர் பையன் ரொம்ப மெதுவாகச் சொன்னான்: "எல்லாமே எப்படி டீச்சர் இளைக்கும்? எடைக்கல்தான் குண்டாயிருக்கு."

அவனே சொன்னான் அக்கா. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சத்தியமாக நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

எடைக்கல்லை எடுத்துக்கொண்டு வகுப்போடு மளிகைக் கடைக்கு ஓடினோம். கடைக்காரர் தராசில் வைத்தார், நூறைத் தாண்டி நின்றது. அங்கேயே கத்தரி வாங்கிப் பையைப் பிரித்தேன். வெளியே துணி காய்ந்திருக்கிறது, உள்ளே மணல் ஈரத்தில் கறுத்து அப்பிக் கிடக்கிறது. மழை நாள் என்று நினைத்தேன், தொடும்போதெல்லாம் ஜில்லென்று இருந்ததை நான் பொருட்படுத்தவே இல்லை.

பின்னால் ஒரு விம்மல். திரும்பினால் 'சோப்பு' என்று நாங்கள் கூப்பிடுகிறவள். எங்கள் வகுப்பின் சுத்தத் தலைவி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கை கழுவுகிறவள். "எல்லாரும் தொட்டுப் பிசுக்கா இருந்துச்சு டீச்சர். அதான் சாயங்காலம் சாயங்காலம் குழாய்ல கழுவி ஜன்னல்ல மாட்டினேன்" என்று தேம்பினாள். பன் நிறுக்க ஆரம்பித்ததற்கு முந்தின நாளிலிருந்தே கழுவியிருக்கிறாள்! யாராவது திட்டிவிடப் போகிறார்களோ என்று நான் வாயைத் திறப்பதற்குள் வக்கீல் குறுக்கே வந்துவிட்டாள். "அவ மேல தப்பு இல்ல. சாமான் எல்லாம் சுத்தமா இருக்கணும்னு சொன்னது டீச்சர்." எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஆமாம் என்று ஒப்புக்கொண்டேன்.

மணலை வாணலியில் போட்டு வறுத்து, பழையபடி தைத்தோம். மளிகைக் கடைத் தராசில் நூறு. என் செருப்பு பழைய உடம்புக்கு வந்துவிட்டது. உடனே உன்னிடம் ஓடி வரலாம் என்றால் விட மாட்டேன் என்கிறார்கள். "எடைக்கல் தப்புன்னுதான் தெரியும். பன் சரின்னு எப்படித் தெரியும்?" இது நான் அவர்களைக் குடைகிற அதே கேள்வி. மாஸ்டர் போட்ட பன்னுக்கு இப்போது எங்கே போவது?

"எங்க வீட்டு ஃப்ரீசர்ல இருக்கு" என்றான் கேன்டீன்காரர் பையன். அன்று கூட்டத்துக்கு நீ கொண்டுவந்த தட்டிலிருந்து அவன் அப்பா ஒன்றை எடுத்துப் பையில் போட்டு இறுகக் கட்டி வைத்திருக்கிறார், எதற்கும் சாட்சியாக இருக்கட்டும் என்று! போன் போட்டேன், அவரே கொண்டுவந்தார். பனி விலகும் வரை பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கிண்ணத்தில் வைத்தார்கள். ஹேங்கர் ஆடியது, ஆடியது, நேராக நின்றது. கேன்டீன்காரர் குனிந்து பார்த்தார், மண்டியிட்டுப் பார்த்தார். "நான் என்னங்க இப்படிப் பண்ணிட்டேன்" என்றார்.

சார்ட்டைக் கிழிக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று எழுதுகிறார்கள், எப்படித் தப்பு வந்தது என்று. உன் கடைக்கு வந்து சொல்ல வேண்டுமாம். அதுவும் கூட்டம் இருக்கும்போதுதான் வருவார்களாம். "கூட்டத்துலதானே தப்பாச் சொன்னோம்?" என்கிறாள் வக்கீல்.

நாளைக்கு வரட்டுமா? நானும் பின்னால் நிற்கட்டுமா? முன்னால் நிற்கத் தைரியம் இல்லை.

உன் தங்கை


ஜூலை 11, சனி

என் தங்கத்துக்கு,

இந்த முறை அடிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று நீ தெருவில் மின்கம்பத்துக்குப் பின்னால் நின்றதை நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே. ஒரு ஆள் அகலம் இல்லாத கம்பத்துக்குப் பின்னால் ஒளிகிற அறிவாளி நீ ஒருத்திதான்.

வந்தார்கள் உன் பிள்ளைகள். வெளியில் வாங்கி வைத்த பிரெட்டுக்கே கடை நெரிகிற நேரம். வரிசையில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பல் இல்லாதவள் தொண்டையைச் செருமினாள். "எல்லாரும் கேளுங்க. நாங்க பன் எடை குறைவுன்னு சொன்னோம். எங்க எடைக்கல் தப்பு. உங்க பன் சரி." அவ்வளவுதான். சாக்கு இல்லை, சமாளிப்பு இல்லை. நான் இத்தனை வயசுக்கு இப்படி ஒருத்தர் சொல்லிக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சோப்பு என்கிற குழந்தை மட்டும் என் கல்லா மேசையை விரலால் தடவிப் பார்த்து, "இது பிசுக்கா இருக்கு" என்றாள். உன் வளர்ப்பு.

கேன்டீன்காரரும் பின்னாலேயே வந்தார். சனிக்கிழமை வரைக்கும் எதற்கு, திங்களிலிருந்து பன்னே அனுப்புங்கள் என்றார். ஃப்ரீசரில் வைத்ததற்கு மன்னிப்பு வேறு கேட்டார். உள்ளே ஒன்று வெந்துகொண்டே இருந்தது, அது அப்போதுதான் ஆறியது. வாய்விட்டுச் சொல்கிறேன், நிம்மதி. நேற்றுச் சாப்பாடு ருசித்தது.

முதலில் என்னிடம் ஏன் கேட்கவில்லை என்று உன்மேல் எனக்கு இருந்த வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். யோசித்துப் பார்த்தேன். நீ தனியாக வந்து கேட்டிருந்தால் உன்னைத் திட்டி அனுப்பியிருப்பேன். மறுநாளே மாஸ்டரையும் கேட்டிருப்பேன். அவர் அப்போதே போயிருப்பார். யாரும் எதையும் மறுபடி நிறுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வருத்தம் முழுசாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும், நீயும் கொஞ்சம் பயத்தோடு இரு.

பிள்ளைகள் போனதும் கல்லாவை உன் மாமாவிடம் கொடுத்துவிட்டு மாஸ்டர் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தேன். இப்படி ஆகிவிட்டது, நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது, யாராக இருந்தாலும் சந்தேகம் வரும், ஊர் வாய், வியாபாரம், அது, இது என்று. அவர் வாசலில் உட்கார்ந்து ரேடியோவைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார். நான் தயார் செய்த ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. உன் பிள்ளைகள் சொன்னதுதான் வாயில் வந்தது.

"என் வாய் தப்பு மாஸ்டர். உங்க கை சரி."

அவர் கையிலிருந்த திருகாணியை டப்பாவில் போட்டார், டப்பாவை மூடினார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, திரும்பி நடக்கவும் முடியவில்லை.

"அடுப்பு பத்த வெச்சாச்சா?" என்றார்.

"இல்ல மாஸ்டர்."

"அப்பறம் இங்க நின்னு என்ன பண்றீங்க?" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார். அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன், போதுமா. அவர் தெருவில் இறங்கி முன்னால் நடக்கிறார், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். பார்த்தவர்கள் யார் முதலாளி என்று குழம்பியிருப்பார்கள்.

இதை எழுதும்போது முதல் ஈடு உள்ளே வெந்துகொண்டிருக்கிறது. தெருவே மணக்கிறது, உன் வீடு வரைக்கும் வந்திருக்கும். இனிமேல் எனக்குக் கடிதம் எழுதினால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன். இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு கடிதம் என்னடி கடிதம்? எழுந்து வா.

அக்கா